பேட்டரி மெயின் வயருக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

கேள்வி இதுதான்: காரின் பேட்டரியிலிருந்து டிக்கியில் வைக்கப்போகும் ஆம்ப்ளிஃபையருக்கு 5 மீட்டர் நீளத்தில் 16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்தாயிற்று. ஆம்ப்ளிஃபையர் 1000 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. வயரிங் கிட்டோடு ஒரு 200 ஆம்பியர் ஃபியூஸ் வந்திருக்கிறது. அதையே மாட்டிவிடலாமா? எந்த இடத்தில் மாட்ட வேண்டும்? ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் ஃபியூஸே இல்லையே, அது ஏன்?

முதலில் நேரடிப் பதில். 200 வேண்டாம், 100 ஆம்பியர் போடுங்கள். மெகா வகை அல்லது மிடி வகை, போல்ட் போட்டு முறுக்கும் ஃபியூஸாக இருக்கட்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். வயர் சுத்தமான செம்பு என்றால்தான் இந்த 100. செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் 60க்கு மேல் போகாதீர்கள், அப்போது அந்த ஆம்ப்ளிஃபையருக்கு அந்த வயரே போதாது. ஸ்டார்ட்டர் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் பெரும்பாலும் அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ் இருக்கும். பேட்டரிப் பக்கம் போடுவது வழியில் கிடக்கும் அந்த 5 மீட்டர் வயருக்காக. எங்காவது தகடு உரசி இன்சுலேஷன் அறுந்து, செம்பு பாடியைத் தொட்டால், வயர் பழுக்கக் காய்வதற்கு முன் ஃபியூஸ் அறுந்துவிட வேண்டும். அதற்கு மட்டுமே அது அங்கே இருக்கிறது. அதனால் ஆம்பியரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பார்வை வயர்மேல்தான். லோடு எவ்வளவு இழுக்கும் என்பது இரண்டாவது. வயர் தாங்கும் அளவு மேல் எல்லை, லோடு இழுக்கும் அளவு கீழ் எல்லை, ஃபியூஸ் இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். நடுவில் இடமே இல்லை என்றால் ஃபியூஸைப் பெரிதாக்கக் கூடாது, வயரைத்தான் பெரிதாக்க வேண்டும்.

105 டிகிரி தாங்கும் இன்சுலேஷன், பல இழைச் செம்பு, மற்ற வயர்களோடு கட்டாகக் கட்டாமல் தனியாக ஓடுவது என்று வைத்துக்கொண்டால், அதிகபட்ச ஃபியூஸுக்கு இந்தக் கணக்கை நம்பலாம்:

6 ஸ்கொயர் – 40 ஆம்பியர்
10 ஸ்கொயர் – 60
16 ஸ்கொயர் – 100
25 ஸ்கொயர் – 125
35 ஸ்கொயர் – 150
50 ஸ்கொயர் – 200
70 ஸ்கொயர் – 250

ஸ்கொயர் என்பது சதுர மில்லிமீட்டர், செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு. இதைவிடத் தாராளமான பட்டியல்களும் உண்டு. இன்ஜின் சூட்டுக்கும் கார்ப்பெட்டுக்கு அடியில் காற்றில்லாமல் கிடப்பதற்கும் இடம் விட்டுத்தான் இங்கே குறைத்துச் சொல்லியிருக்கிறேன். இன்சுலேஷன் சாதாரண 70 டிகிரி பிவிசி என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

வயர்மேல் அச்சடித்த எண்ணை நம்பலாமா என்பது தனிச் சிக்கல். கேஜ் கணக்கில் விற்கும் வயர்களில், 8 கேஜ் என்றால் 8.4 ஸ்கொயர், 4 கேஜ் என்றால் 21 ஸ்கொயர், ஒற்றைப் பூஜ்யம் என்றால் 53 ஸ்கொயர் இருக்க வேண்டும். மலிவான கிட்டுகளில் ரப்பர் தடியாகவும் உள்ளே செம்பு ஒல்லியாகவும் இருப்பது வாடிக்கை. வெளியளவைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரே வழி, நுனியை உரித்து ஓர் இழையின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளப்பது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, இழைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 0.2 மி.மீ. இழை 510 இருந்தால் சரியாக 16 ஸ்கொயர் வரும். 510 இழையையும் எண்ண வேண்டியதில்லை. முறுக்குகளாகப் பிரிந்திருக்கும், ஒரு முறுக்கை எண்ணிப் பெருக்கினால் போதும்.

அலுமினியமா செம்பா என்று தெரிய ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் முலாம் பூசிய அலுமினியம். சந்தேகம் தீராவிட்டால் எடை போடுங்கள்: 16 ஸ்கொயர் செம்பு ஒரு மீட்டர், இன்சுலேஷன் இல்லாமல், சுமார் 143 கிராம். அதே அளவு அலுமினிய வயர் 50–60 கிராம்தான் நிற்கும். அதன் கடத்தும் திறன் செம்பில் சுமார் அறுபத்தைந்து சதவீதம். ஃபியூஸும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்.

இனி, 200 ஏன் கூடாது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

16 ஸ்கொயர் செம்பு ஒரு மீட்டருக்குச் சுமார் 1.1 மில்லி ஓம். அதில் 100 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 11 வாட் சூடு. 150 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்குச் சுமார் 25 வாட். அதாவது கார்ப்பெட்டுக்கு அடியில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு 25 வாட் சாலிடரிங் அயர்னைப் படுக்கவைத்த மாதிரி. 200 ஆம்பியர் ஃபியூஸுக்கு இந்த 150 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. தன் அளவில் முக்கால் பங்கை அது நாள்கணக்கில் தாங்கும்.

முழு ஷார்ட் ஆனால்? நல்ல பேட்டரியின் உள்தடை சுமார் 5 மில்லி ஓம், 5 மீட்டர் வயர் 5.5, பாடியும் இணைப்புகளும் சேர்ந்து ஒரு 5 என்று வையுங்கள். 12.6 வோல்ட்டை 15.5 மில்லி ஓமால் வகுத்தால் சுமார் 810 ஆம்பியர். ஏற்கெனவே 70 டிகிரியில் இருக்கும் 16 ஸ்கொயர் பிவிசி வயர், 810 ஆம்பியரில் 160 டிகிரியைத் தொட்டு இன்சுலேஷன் உருகத் தொடங்க ஏறக்குறைய 5 விநாடி ஆகும். 200 ஆம்பியர் மெகா ஃபியூஸுக்கு 810 என்பது நான்கு மடங்கு. மூன்றரை மடங்கிலேயே 5 விநாடி வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. பந்தயம் கிட்டத்தட்டச் சமன். 100 ஆம்பியர் போட்டிருந்தால் எட்டு மடங்கு, ஒரு விநாடிக்குள் கதை முடிந்துவிடும்.

ஆனால் முழு ஷார்ட்டைவிட மோசமானது அரைகுறை ஷார்ட். வயர் பெயின்ட் அடித்த தகட்டில் லேசாக உரசி, தொட்டும் தொடாமலும் 300 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். வயருக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 37 விநாடி. 200 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒன்றரை மடங்குதான், நிமிடக்கணக்கில்கூட நிதானமாக யோசிக்கும். வயர் எரிந்துகொண்டிருக்கும், ஃபியூஸ் முழுசாக இருக்கும். 100 ஆம்பியர் மிடி ஃபியூஸ் மூன்று மடங்கில் அதிகபட்சம் 3 விநாடியில் அறுந்துவிடும். கார் தீப்பிடித்த இடத்தில் அறுபடாத பெரிய ஃபியூஸ் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிய வேண்டும். ஃபியூஸில் 100 என்று போட்டிருந்தால் 101 ஆம்பியரில் அறும் என்று அர்த்தமில்லை. பிளேடு வகை ஃபியூஸ் 110 சதவீதத்தை 100 மணி நேரம் தாங்க வேண்டும் என்பதே அதன் விவரக்குறிப்பு. 135 சதவீதத்தில் முக்கால் விநாடியிலும் அறலாம், 10 நிமிடமும் நிற்கலாம். மெகா வகை 135 சதவீதத்தில் 2 நிமிடத்திலிருந்து அரை மணி வரை, இரட்டிப்பில் 1 முதல் 15 விநாடி வரை. இந்தச் சோம்பல் வேண்டுமென்றே வைத்தது. மோட்டார் தொடங்கும் இழுப்புக்கெல்லாம் அறுந்தால் யாரும் வண்டி ஓட்ட முடியாது.

அடுத்து லோடு பக்கம். 1000 வாட் ஆர்எம்எஸ் கிளாஸ் டி (Class D) ஆம்ப்ளிஃபையர், திறன் 80 சதவீதம், இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்: 1000 ÷ 0.8 ÷ 13.8 = சுமார் 91 ஆம்பியர். ஃபியூஸ் அளவில் 75–80 சதவீதத்துக்கு மேல் தொடர் லோடு வைக்கக் கூடாது என்பது பொது விதி. அந்த விதிப்படி 91க்கு 125 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டுமே என்று கேட்பீர்கள். பாட்டு தொடர் லோடு இல்லை. பேஸ் அடிக்கும் கணத்தில் 91க்குப் போய், அடுத்த கணம் இறங்கிவிடும். சராசரி பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான். அதனால் 100 தாராளம். டெஸ்ட் டோன் போட்டு மணிக்கணக்கில் முழு வால்யூமில் வைப்பவர் 25 ஸ்கொயர் வயருக்கும் 125க்கும் போகட்டும். வோல்டேஜ் வீழ்ச்சிக்கும் அது நல்லது: 5 மீட்டரில் 91 ஆம்பியருக்கு 16 ஸ்கொயரில் அரை வோல்ட் போகும், 25 ஸ்கொயரில் 0.3 வோல்ட்தான்.

அதே இடத்தில் 1000 வாட் இன்வெர்ட்டர் வைத்தால் கணக்கு தலைகீழ். அது நிஜமாகவே தொடர் லோடு. அதோடு பேட்டரி இறங்க இறங்க, அதே வாட்டைக் கொடுக்க அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 11 வோல்ட்டில், 85 சதவீதத் திறனில், 107 ஆம்பியர். 0.8 ஆல் வகுத்தால் 134. கிடைக்கும் அடுத்த ஃபியூஸ் 150. அதற்கு வயர் 35 ஸ்கொயர். வாட் ஒன்றுதான்; ஒன்றுக்கு 16 ஸ்கொயரும் 100 ஆம்பியரும், இன்னொன்றுக்கு 35 ஸ்கொயரும் 150 ஆம்பியரும். "1000 வாட்டுக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்" என்று கேட்டால் உடனே ஒற்றை எண் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இன்ஜின் பக்கத்துச் சூட்டையும் மறக்க வேண்டாம். ஃபியூஸின் ஆம்பியர் மதிப்பு சாதாரண அறை வெப்பத்தில், 20–25 டிகிரியில் சோதித்தது. பானெட்டுக்கு அடியில் 80 டிகிரி இருந்தால் அதே 100 ஆம்பியர் ஃபியூஸ் சுமார் 85–90 போல நடந்துகொள்ளும். ரேடியேட்டருக்குப் பின்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் ஹோல்டரை வைத்துவிட்டு, காரணமே இல்லாமல் ஃபியூஸ் போகிறது என்று தவிப்பது இதனால்தான்.

இப்போது ஸ்டார்ட்டர் கேபிள். பெட்ரோல் இன்ஜின் சுற்றும்போது 100–200 ஆம்பியர், டீசல் 300க்கு மேலும் இழுக்கும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் கணத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பேட்டரி இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருந்தால் கேபிள் ஒரு மீட்டர்கூட வராது. தடித்த இன்சுலேஷன், உரசாத பாதை, நல்ல கிளாம்ப் என்று இயந்திர முறையில் பாதுகாத்துவிட்டு, உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் ஃபியூஸைத் தவிர்க்கிறார்கள். பாதி வழியில் ஃபியூஸ் போய் வண்டி நின்றுவிடும் தொல்லையும் இல்லை. பேட்டரியைத் தொழிற்சாலையிலேயே பின்னால் வைக்கும் சில கார்களில், ஏர்பேக் வெடிக்கும் சிக்னல் வந்தால் சிறு வெடிமருந்தால் கேபிளைத் துண்டிக்கும் டெர்மினலே இருக்கிறது.

நீங்களாகப் பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால், பயணிகள் காலடியில் 4–5 மீட்டர் கேபிள் ஓடும். அப்போது ஃபியூஸ் இல்லாமல் விடக் கூடாது. 50 ஸ்கொயர், 4.5 மீட்டர், சாதாரண பெட்ரோல் ஸ்டார்ட்டர் என்றால் 300 ஆம்பியர் மெகா பொருந்தும். மேலே 50 ஸ்கொயருக்கு 200 என்று சொல்லிவிட்டு இங்கே 300 சொல்வதற்குக் காரணம், ஸ்டார்ட்டர் சில விநாடிதான் ஓடுகிறது, தொடர் லோடு கிடையாது. ஷார்ட்டில் பாதுகாக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கேபிள் தடை 1.6 மில்லி ஓம், பேட்டரி 5, மற்றவை 2. ஷார்ட் ஆனால் 1,460 ஆம்பியர் ஓடும், ஃபியூஸுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஓரிரு விநாடியில் போய்விடும். 50 ஸ்கொயர் கேபிள் அந்த ஆம்பியரில் 15 விநாடி தாங்கும். தொடங்கும் கணத்து 600 ஆம்பியர் ஃபியூஸுக்கு இரட்டிப்பு. மெகா அதைக் குறைந்தது ஒரு விநாடியாவது தாங்கும், அதற்குள் மோட்டார் சுற்ற ஆரம்பித்து ஆம்பியர் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் ஆல்டர்னேட்டர் சார்ஜும் அதே கேபிள் வழியாகப் பின்னால் வருகிறது என்பதால், அந்தத் தொடர் ஆம்பியர் 200க்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் வகைகளில் எது எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 40 ஆம்பியர் வரை சாதாரண பிளேடு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30, ஆரஞ்சு 40. இவற்றில் சில நிறங்கள் பெரிய மேக்ஸி பிளேடில் வேறு ஆம்பியரைக் குறிக்கும். அங்கே சிவப்பு 50, நீலம் 60. நிறத்தைப் பார்த்து மாற்றாமல் எண்ணைப் படித்து மாற்றுங்கள். 60க்கு மேல் பிளேடு பிடிமானத்தை நம்பாதீர்கள், போல்ட் வகைக்குப் போய்விடுங்கள். மிடியில் துளைகளின் இடைவெளி 30 மி.மீ., 200 ஆம்பியர் வரை கிடைக்கும். மெகாவில் இடைவெளி 51 மி.மீ., எம்8 போல்ட், 500 வரை உண்டு. ஐஎஸ்ஓ 8820 தரத்தில் இவை எஸ்எஃப்30, எஸ்எஃப்51 என்ற பெயரில் வரும். ஏஎன்எல் இன்னும் பெரியது, ஆடியோக்காரர்களுக்குப் பிடித்தமானது. கண்ணாடிக் குழாய் ஃபியூஸைப் பேட்டரி வயரில் போடவே போடாதீர்கள். அதிர்வில் முனைத்தொப்பி தளர்ந்து சூடாகும்.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் எண் இருக்கிறது: துண்டிக்கும் திறன். ஃபியூஸ் எத்தனை ஆம்பியரில் அறும் என்பது ஒரு விஷயம். அறுந்த பிறகு எழும் மின்பொறியை எத்தனை ஆம்பியர் வரை அணைக்க முடியும் என்பது வேறு விஷயம். ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானே அணையும். டிசியில் அந்தச் சலுகை இல்லை. அதனால் 250 வோல்ட் ஏசி என்று போட்ட வீட்டு ஃபியூஸ் 12 வோல்ட் காரில் பொருந்தாது. வழக்கமான 32 வோல்ட் பிளேடுக்கு 1,000 ஆம்பியர், மெகாவுக்கு 2,000, நல்ல ஏஎன்எல்லுக்கு 6,000. பேட்டரி டெர்மினல் மேலேயே உட்காரும் எம்ஆர்பிஎஃப் வகைக்கு 14 வோல்ட்டில் 10,000. சாதாரண கார் பேட்டரியின் ஷார்ட் ஆம்பியர் 2,500க்குப் பக்கம். வயரும் டெர்மினலும் சேர்ந்தால் 2,000க்குக் கீழே வந்துவிடும், மெகா சமாளிக்கும். பெரிய டீசல் பேட்டரி, இரட்டைப் பேட்டரி என்றால் ஏஎன்எல் அல்லது எம்ஆர்பிஎஃப். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்தால் உள்தடை மிகக் குறைவு, ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அங்கே 20,000 ஆம்பியரைத் துண்டிக்கும் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ்தான் முறை. 24 வோல்ட் லாரிக்கு 32 வோல்ட் ஃபியூஸ் சரி, 48 வோல்ட் அமைப்புக்குச் சரியில்லை.

தங்க முலாம் பூசிய பெயரில்லா ஏஎன்எல் ஃபியூஸ்களில் போட்டிருக்கும் எண்ணுக்கும் அது அறும் ஆம்பியருக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பது சகஜம். பெயர் பெற்ற தயாரிப்பின் சாதாரண மெகா, பளபளக்கும் ஏஎன்எல்லைவிட மேல். 100 வேண்டிய இடத்தில் இரண்டு 50ஐப் பக்கத்தில் பக்கத்தில் இணைப்பதும் வேண்டாம். ஆம்பியர் சரிபாதியாகப் பிரியாது. ஒன்று முதலில் போகும், மொத்தச் சுமையும் மற்றதன் தலையில் விழும்.

மாட்டும் இடத்துக்கு வருவோம். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டு வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். 20 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இடமே இல்லாவிட்டாலும் 45ஐத் தாண்ட வேண்டாம். அந்தத் துண்டை நெளிகுழாய்க்குள் போட்டு, எந்தத் தகடும் தொடாமல் கட்டுங்கள். ஃபியூஸ் பாசிட்டிவில்தான் இருக்க வேண்டும். நெகட்டிவில் போட்டால், பாசிட்டிவ் வயர் பாடியைத் தொடும்போது மின்சாரம் அந்த ஃபியூஸ் வழியாகவே போகாது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில் அதையே மாட்டுங்கள். ஸ்பானர் கைதவறிப் பாடியைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. வயரைத் தடுப்புத் தகட்டுக்குள் நுழைக்கும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். லக்கை, அதாவது வயர் நுனியில் மாட்டும் துளை போட்ட உலோக முனையை, ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். கொறடாவால் நசுக்குவதும், வெறும் சாலிடரில் ஒட்டுவதும் கூடாது. சூடேறினால் சாலிடர் இளகும், அதிர்வில் வயர் சாலிடர் முடியும் இடத்தில் ஒடியும்.

போல்டில் அடுக்கும் வரிசை முக்கியம். அடியில் ஃபியூஸின் தகடு, அதன்மேல் நேரடியாக லக், பிறகு வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு. லக்குக்கும் ஃபியூஸுக்கும் நடுவே வாஷர் புகுந்துவிட்டால், அதுவும் ஸ்டெயின்லெஸ் வாஷராக இருந்தால், முழு ஆம்பியரும் அதன் வழியாகப் போக வேண்டிவரும். ஒரு தளர்ந்த இணைப்பில் 5 மில்லி ஓம் இருந்தாலே 100 ஆம்பியரில் 50 வாட் சூடு அந்தக் கட்டைவிரல் அளவு இடத்தில் இறங்கும். ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகும், ஃபியூஸ் மட்டும் அறாது, ஏனென்றால் ஆம்பியர் கூடவில்லை. மிடிக்கு எம்5 நட்டைச் சுமார் 4.5 நியூட்டன் மீட்டர், மெகாவுக்கு எம்8 நட்டைச் சுமார் 12 என்ற அளவில் முறுக்கினால் போதும். ஹோல்டரோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். லோடு ஓடும்போது இரண்டு போல்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 0.15 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் நட்டு தளர்வு அல்லது துரு.

எர்த் வயரும் பாசிட்டிவ் வயரின் அதே தடிமனில் இருக்கட்டும், பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போடுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் பெட்டி இருக்கும் கார்களில், கூடுதல் எர்த்தை அந்த முனையில் நேராக மாட்டாதீர்கள். பாடிப் பக்கத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆம்பியர் சென்சாரின் கணக்கில் வராமல் சார்ஜிங் குழம்பும்.

காரோடு வந்த மெயின் ஃபியூஸ், அதாவது ஆல்டர்னேட்டரையும் ஃபியூஸ் பாக்ஸையும் பேட்டரியோடு இணைப்பது, போய்விட்டால் அதே ஆம்பியரில் அதே வகையைத்தான் போட வேண்டும். அது போவதற்கு மிகப் பொதுவான காரணம் ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி இணைப்பது. ஆல்டர்னேட்டரின் டையோடுகள் அப்போது நேர்த்திசையில் திறந்து முழு ஷார்ட்டாகிவிடும். ஃபியூஸ் அவற்றுக்காகப் பலியாகும். சில பழைய வண்டிகளில் ஃபியூஸுக்குப் பதில் ஃபியூசிபிள் லிங்க் இருக்கும்: காக்க வேண்டிய வயரைவிட நான்கு கேஜ் மெலிந்த, தீப்பற்றாத இன்சுலேஷன் போட்ட ஒரு துண்டு வயர். அதன் இடத்தில் சாதாரண வயரை ஒட்டினால் பாதுகாப்பு போயிற்று. ஆல்டர்னேட்டர் வயரில் புதிதாக ஃபியூஸ் போடுபவர்கள், அதன் அதிகபட்ச ஆம்பியரைவிட 20–50 சதவீதம் கூட வையுங்கள். இன்ஜின் ஓடும்போது அந்த ஃபியூஸ் அறுந்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் தாறுமாறாக எகிறும், எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கு ஆபத்து.

இரண்டாவது பேட்டரி வைப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: நடுவில் ஓடும் வயருக்கு இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கிறது. அதனால் இரண்டு முனையிலும் ஃபியூஸ். ஒன்றை மட்டும் போட்டால், ஷார்ட்டில் அது அறுந்த பிறகும் மறுபக்கத்துப் பேட்டரி வயரை எரித்துக்கொண்டிருக்கும். தடித்த வயரிலிருந்து மெல்லிய வயர்கள் பிரியும் இடத்திலும் ஒவ்வொரு மெல்லிய வயருக்கும் அதன் அளவுக்குத் தனி ஃபியூஸ் வேண்டும்.

ஃபியூஸ் போய்விட்டால் கழற்றிப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும். ஜன்னலில் கருப்பாகத் தெறித்திருந்தால் ஷார்ட். கருக்காமல் நடுவில் மட்டும் மெல்ல உருகி விலகியிருந்தால் நீண்ட நேர ஓவர்லோடு. உலோகம் அப்படியே இருந்து போல்ட் பக்கம் பிளாஸ்டிக் உருகியிருந்தால் நட்டு தளர்வு. ஷார்ட் என்று தெரிந்தால் அடுத்த ஃபியூஸை உடனே போட்டு வீணாக்காதீர்கள். ஃபியூஸ் இடத்தில் இரண்டு போல்டுக்கும் நடுவே ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை இணையுங்கள். என்ன ஷார்ட் இருந்தாலும் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது. பல்பு பிரகாசமாக நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. வயரைப் பகுதி பகுதியாக அசைத்துக்கொண்டே போங்கள், எந்த இடத்தில் பல்பு மினுக்குகிறதோ அங்கேதான் உரசல். ஒரு கணம் எரிந்து மங்கி அணைந்தால் பழுதில்லை, ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன என்று அர்த்தம். பெரிய இன்வெர்ட்டரைப் புதிதாக இணைக்கும்போதும் இதே பல்பை முதலில் வைத்து, அது அணைந்த கையோடு எடுத்துவிட்டு ஃபியூஸை முறுக்கினால், போல்டில் பொறி பறந்து முனை கருகுவதும் இருக்காது.